எப்சிபாவுக்குச் சிவப்பு

ஐந்து சங்கிலி போட்டு வளையமாக்கி, வளையத்துக்குள் பதினைந்து கண்ணி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, இந்தச் சிவப்பு நூல் விரலில் சாயம் விடுகிறது, எல்லாம் வேர்வை, மே மாதத்தில் அன்னையர் ஞாயிறை வைத்தவன் பாளையங்கோட்டையில் குடியிருந்திருக்கமாட்டான், ஏழு, எட்டு. அறுபத்து மூன்று ரோஜா முடிந்து அட்டைப்பெட்டியில் கிடக்கிறது, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ஊக்கு தைத்து, ஊக்கில் பெயர்ச்சீட்டு குத்தி. நாளைக்குக் காலை ஆராதனைக்கு வருகிற எங்கள் பெண்கள் சங்கத்தார் ஆளுக்கொன்று மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். தாய் உயிரோடு இருக்கிறவளுக்குச் சிவப்பு, தாய் செத்தவளுக்கு வெள்ளை. எங்கள் சபையில் இது பதினெட்டு வருஷ வழக்கம், பதினெட்டு வருஷமும் நான்தான் பின்னுகிறேன். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், ஈஸ்டருக்கு லில்லி, அறுப்பின் பண்டிகைக்கு நெற்கதிர், பாடகர் குழு அங்கியில் ஒட்டித் தைக்கிற மணி, எல்லாம் இந்தக் கொக்கி ஊசியில் பிறந்ததுதான். தூரத்தில் இருந்து பார்த்தாலே ரஞ்சிதம் கை என்று சொல்லிவிடுவார்கள், அப்படி ஒரு இறுக்கம், அப்படி ஒரு ஒழுங்கு. எங்கே விட்டேன், ஒன்பதா, பத்தா. பிரித்துவிட வேண்டியதுதான். இந்த அறுபத்து நாலாவது ஒன்றுதான் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து என்னைப் படுத்துகிறது, மூன்று தடவை பிரித்தாயிற்று. பட்டியலில் கடைசிப் பெயர். எப்சிபா குணசீலன், வெள்ளை. என் மூத்த மகள். நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

பட்டியலைக் கமலினி டீச்சர் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தாள், சங்கத்தின் செயலாளர், கரும்பலகையில் எழுதுகிற மாதிரியே காகிதத்திலும் எழுதுகிறவள். நாலாக மடித்துக் கையில் கொடுத்துவிட்டு மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தாள், என் வீட்டு விசிறியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, ஒட்டடைதான். போகும்போது வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் சொன்னாள், கடைசிப் பேரு அவளே வந்து கொடுத்தது, நான் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டேன் என்று. வெள்ளை நூல் நிறைய இருக்கிறது டீச்சர் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் தெருமுனை திரும்புகிறவரை சிரித்த முகத்தை மாற்றவில்லை, தாடை வலித்துவிட்டது. பிறகு உட்கார்ந்து மற்ற அறுபத்து மூன்றையும் முதலில் முடித்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்த வேலையில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு, வெளியே சொல்ல முடியாத சந்தோஷம். சங்கத்துப் பிரமிளாவின் தாய்க்கு வயது தொண்ணூற்றொன்று. ஒவ்வொரு மே மாதமும் பிரமிளாவுக்குப் பின்னும்போது இதுதான் இவளுக்குக் கடைசிச் சிவப்பு என்று நினைத்துக்கொள்வேன், அந்தக் கிழவி ஆறு வருஷமாக என்னை ஏமாற்றுகிறாள். தாய் செத்த முதல் வருஷம் வெள்ளையை வாங்கும்போது ஒவ்வொருத்தி முகமும் எப்படிக் கோணுகிறது என்று நான் கவனிப்பேன். சிலபேருக்கு உதடு முதலில் போகும், சிலபேருக்கு மூக்கு. தோளைத் தட்டி, கர்த்தர் தேற்றுவாராக என்பேன், கண் மட்டும் முகத்தை விட்டு நகராது. இப்போது ஊரில் யாரோ ஒருத்தி என் முகத்தில் எது முதலில் கோணும் என்று பார்ப்பதற்கு இஸ்திரி போட்ட சேலையோடு காத்திருக்கிறாள், அது யாராக இருந்தாலும் அவளுக்கு நான் அந்தப் பாக்கியத்தைக் கொடுக்கப்போவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

நாளைக்கு நடக்கப்போவது எனக்கு மனப்பாடம். பிரசங்கம் முடிந்ததும் எங்கள் சபைப் போதகர் ஐயர், தாயை இழந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்பார். வெள்ளை குத்தியவர்கள் நிற்பார்கள், ஒரு நிமிஷம் மௌன ஜெபம். நானும்தான் நிற்பேன், என் அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது. முன்னால் இரண்டாவது பெஞ்சில் நான், பின்னால் எங்கேயோ எப்சி, நடுவில் முந்நூறு தலை, ஜெபத்தில் கண்ணை மூடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாதா. அதைத் தாங்கிவிடுவேன். ஊர்ப்பேச்சைத் தின்று செரித்த உடம்பு இது. அதற்கு அடுத்ததைத்தான் தாங்க முடியாது. சிவப்பு குத்தியவர்கள் எழுந்து அவரவர் தாய் இருக்கிற பெஞ்சுக்குப் போய்க் கையை முத்தமிட்டுப் பக்கத்தில் உட்காருவார்கள். பியூலா வருவாள். என் சின்னவள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கே வந்து என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். எனக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான், இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அவள் எழுந்து வருகிற வழியில் அக்கா வெள்ளையோடு நிற்பதைப் பார்ப்பாள். பேச்சுவார்த்தை இல்லை என்பது அவளுக்குத் தெரியும், அம்மா செத்துவிட்டாள் என்று குத்திக்கொண்டு நிற்கிற அளவுக்கு என்ன என்பதுதான் தெரியாது. கேட்பாள். எப்சி தானாகச் சொல்லுகிறவள் இல்லை, நாலு வருஷமாகச் சொல்லவில்லை. ஆனால் கேட்டால் பொய் சொல்லமாட்டாள். சின்ன வயசிலிருந்தே அப்படி ஒரு வியாதி அவளுக்கு. பத்து, பதினொன்று. மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் அங்கேயே இருந்து தொலைத்திருக்கலாம், மூன்று வாரத்துக்கு முன்னால் இங்கே வேலை மாற்றிக்கொண்டு வந்து, எங்கள் சபையிலேயே பெயரையும் பதிந்துவிட்டாள்.

நான் பியூலாவுக்குச் சொல்லிவைத்திருக்கிற கதை நல்ல கதை. அவள் அப்போது புருஷனோடு குவைத்தில் இருந்தாள், சொன்னதை நம்புவதைத் தவிர அவளுக்கு வழி இல்லை. அப்பாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும் என்று அக்கா பிடிவாதமாகத் தூக்கிக்கொண்டு போனாள், போன பதினோராம் நாள் அவர் போய்விட்டார், என் வரவுக்குக்கூடக் காத்திராமல் அடக்கம் பண்ணிவிட்டாள், கல்லறை வாசலோடு என்னை அனுப்பிவிட்டாள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இடையில் கொஞ்சம் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான், பின்னலில் கண்ணி விட்டால் ஓட்டை விழும், பேச்சில் விட்டால் ஒன்றும் தெரியாது. அவர் போய்விட்டார் என்று அன்றைக்குக் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. பாடகர் குழுவுக்கு இருபத்து நாலு நட்சத்திரம் அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும், ஆறு பாக்கி. ஆறையும் முடித்தேன். கஞ்சி போட்டு விறைக்க வைத்து, காகிதத்தில் சுற்றி, பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் எப்சி எதிரே வந்தாள், கையில் மண் ஒட்டியிருந்தது. என் சேலையில் வெள்ளை நூல் துணுக்கு ஒட்டியிருந்திருக்கிறது, அவள்தான் அதைப் பார்த்தாள், எடுத்து விரலில் சுருட்டினாள். எனக்கு அம்மாவும் செத்துட்டா, நீங்க போங்க என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். யாரோ பக்கத்து வீட்டம்மாளை அனுப்புகிற மாதிரி.

கரண்ட் போய்விட்டது. விசிறி நிற்கிற சத்தம் இருக்கிறதே, ஓடுகிற சத்தத்தை விட மோசம். எத்தனாவது இது, பன்னிரண்டு, சரி பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்வோம். அவர் கட்டில் அந்தச் சன்னல் ஓரத்தில்தான் கிடந்தது, இப்போது அங்கே நூல் பெட்டிகளை அடுக்கிவிட்டேன். குணசீலன், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், வாதம் வந்து வலது பக்கம் விழுந்து இரண்டு வருஷம் படுக்கை, நாலைந்து வார்த்தைதான் வாயில் மிச்சம். அதைப் பற்றி நான் நினைக்கப்போவதில்லை. பதின்மூன்று. நினைக்கவேண்டியது நாளைய காரியத்தை. எப்சிக்குச் சிவப்பு பின்னி, அவள் பெயர்ச்சீட்டையும் குத்தி, வாசலில் நானே நின்று அவள் சேலையில் குத்திவிடுவேன். வழக்கமாக நான்தானே நிற்கிறேன். கமலினி டீச்சர் ஏதாவது முனகினால் எனக்குக் கண் மங்கிவிட்டது, வரி மாறிவிட்டது என்பேன், அறுபத்தொரு வயசுக்காரிக்கு அந்த உரிமைகூட இல்லையா. ஐயரம்மா பக்கத்தில் நிற்பாள், சின்னப் பிள்ளைகள் நிற்கும், எப்சி என்ன செய்வாள். ஒன்றும் செய்யமாட்டாள். சபை முன்னால் தாயின் கையைத் தட்டிவிட அவளுக்கு மனசு வராது, அவள் அப்பாவைப் போல நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளோடு எனக்கு எப்போதுமே அதுதான் வசதி. சிவப்பு குத்தினவள் உட்கார்ந்திருக்க முடியாது, எழுந்து வந்தாக வேண்டும். வலது பக்கம் அவள், இடது பக்கம் பியூலா, நடுவில் நான். ஊரே அழும். பதினான்கு, பதினைந்து, வளையம் மூடியாயிற்று, இனி இதழ், இதழுக்கு மூன்று கண்ணி, ஐந்து இதழ்.

தண்ணி என்றுதான் கேட்டார். அது அந்த நாலைந்து வார்த்தைகளில் ஒன்று. பாடகர் அங்கிக்கான மணியின் மூன்றாவது சுற்றைப் பின்னிக்கொண்டிருந்தேன், இருங்க, இந்தச் சுற்று முடியட்டும் என்றேன். நடுவில் விட்டால் கணக்குப் போய்விடும் என்று எல்லாருக்கும் சொல்வேன், பியூலாவுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன், அவளும் என்னோடு பேசும்போது சுற்று முடிகிறவரை காத்திருப்பாள். பச்சைப் பொய். விட்ட கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டால் எந்தச் சுற்றும் எங்கேயும் ஓடிப்போகாது, பத்து நாள் கழித்து வந்து எடுத்தாலும் அங்கேயே இருக்கும். கொக்கி ஊசி பிடித்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். அன்றைக்கு ஊக்கு என் வாயில் இருந்தது, உதட்டில் கவ்விக்கொண்டுதான் எண்ணினேன். சத்தமாக எண்ணினேன். அவர் தண்ணி என்பார், நான் இருபத்தொன்று என்பேன். தண்ணி, இருபத்திரண்டு. தண்ணி, இருபத்து மூன்று. முப்பத்தைந்து வருஷம் இந்த மனுஷனுக்காக நான் காத்திருந்தேன், சாப்பாட்டுக்கு, சினிமாவுக்கு, பேச்சுக்கு. நான் பின்னினதையெல்லாம் கொசுவலை என்று தபாலாபீஸ் சிநேகிதர்கள் முன்னால் காட்டிச் சிரித்தவர். ஒரு தடவை காத்திருந்தால் என்ன என்று முதலில் நினைத்தேன். முதல் நாள் ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு அது எனக்குப் பிடித்துப்போயிற்று. இதை யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை. அவர் கண் என் கையைப் பார்க்கும், ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்கும், முப்பத்தைந்து வருஷத்தில் என் பின்னலை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்ததே இல்லை. எப்சி சொல்லாமல் கொள்ளாமல் மதுரையிலிருந்து வந்து எவ்வளவு நேரம் நிலைப்படியில் நின்றாளோ எனக்குத் தெரியாது, நான் எழுபத்திரண்டு வரைக்கும் போனேன். அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சொம்பை எடுத்தாள், பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள், பிறகு அவரைப் புரட்டி முதுகில் படுக்கைப்புண்ணைப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா, பார்த்ததும் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

கரண்ட் வந்தது, விசிறி சுற்றியது, பட்டியல் பறந்து என் கட்டிலுக்கடியில் போனது, போகட்டும், அதன் வேலை முடிந்தது. கடைசி இதழையும் முடித்து நூலைப் பின்பக்கம் கோத்து ஒளித்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அறுபத்து நாலில் இதுதான் அழகு. எப்சிபா என்று சீட்டு எழுதினேன், ஊக்கைத் தைத்தேன், பெட்டியில் பியூலாவின் பூவுக்குப் பக்கத்தில் வைத்தேன், இரண்டும் ஒரே நூல்கண்டிலிருந்து பின்னினவை, வித்தியாசமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற வயிற்றை ஊர் முன்னால் சாகடிக்கப் பார்த்தாள் அல்லவா, நாளைக்கு என் கையை முத்தமிடட்டும், உதடு படுகிறவரை கையை எடுக்கமாட்டேன். மூடியை ஒட்டுவதற்குப் பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பியூலா. சனிக்கிழமையில் இந்நேரம் தூங்குகிறவள்.

பெட்டியை ஒட்டிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். குரல் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது, என்ன பிள்ளை, தலைக்கு ஊற்றினாயா என்றேன்.

"அக்கா வீட்டுல இருந்து பேசுதேன்மா. கமலினி டீச்சர் அந்த வெள்ளையைப் பத்திச் சொன்னாங்க. மனசு கேக்காம அக்காகிட்டயே வந்து கேட்டுட்டேன்."

விரல் பெட்டியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்றும் அறியாதவள் மாதிரி ஒரு குரல் எனக்கு உண்டு, அந்தக் குரலில், "அவ சொன்னா நீ நம்பிருவியா, ஏட்டி" என்றேன்.

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுதாம்மா சொன்னா. ஒரு மணி நேரம் கெஞ்சுனேன். சொல்லி முடிச்சதும், உன்கிட்ட இருந்து அம்மாவைப் பறிச்சுட்டேனேன்னு என் காலைப் பிடிச்சுட்டு அழுதா."

நான் பதில் தேடினேன். இருந்தது. உன் அப்பா எப்பேர்ப்பட்டவர் தெரியுமா என்று ஆரம்பிக்கலாம், எப்சிக்கு என் மேல் சின்ன வயசிலிருந்தே பகை என்று சொல்லலாம், எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்றால் உடனே ஓடிவருவாள், அதுவும் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவள் பேசினாள்.

"என் பேருக்குச் சிவப்பு பின்னியிருப்பீங்க. அதை எடுத்துட்டு எனக்கும் வெள்ளை பின்னிருங்கம்மா."

அம்மா என்றுதான் சொன்னாள். அது வாயோடு ஒட்டின சொல், அவளால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இனிமேல் நேரம் இல்லை, நாளைக்கு விடியற்காலம் கோவிலுக்குப் போகவேண்டும், கண் வேறு எரிகிறது என்றேன். ஒன்று பின்ன உங்களுக்கு இருபது நிமிஷம்தானே ஆகும் என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். எண்ணெய்க் கிண்ணம் கட்டிலுக்கடியில் இருக்கிறது, முழங்காலுக்கு நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

பயமாக இருந்தது. சாவுக்குப் பயப்படுகிறவள் இல்லை நான், இது வேறு, ஆறு மணிக்குக் கதவு தட்டப்படாது என்கிற பயம், நாளைக்கும் தட்டப்படாது, அதற்கு அடுத்த நாளும். வெள்ளை நூலை எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம், பெட்டியை அப்படியே ஒட்டிவிட்டு வரி மாறிவிட்டது என்று இரண்டு பேருக்கும் சிவப்பைக் கொடுத்திருக்கலாம், இரண்டு பிள்ளைகளும் கையை நீட்டி வாங்கிக்கொண்டு குத்தாமல் நிற்கும், அது இன்னும் கேவலம். ஐந்து சங்கிலி, வளையம், ஒன்று, இரண்டு, மூன்று. முதலில் எப்சிக்கு. அவளைத் திட்டிக்கொண்டே பின்னினேன், துரோகி, நீலி, கல்நெஞ்சுக்காரி, வார்த்தைக்கு எனக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை, ஒரு கண்ணிக்கு ஒன்றாக வந்தது. இரண்டாவதை ஆரம்பித்தேன். பியூலாவுக்கும் ஏதாவது சொல்லவேண்டும் என்று தேடினேன். ஒன்று, இரண்டு. அவள் குழந்தையாக இருந்தபோது செய்த தப்பு எதையாவது, கல்யாணத்துக்குப் பிறகு பேசின ஒரு சொல்லையாவது, எனக்கு முழுச் சபையைப் பற்றியும் ஆளுக்கொன்று உண்டு, செத்த புருஷனைப் பற்றி ஒரு மூட்டை உண்டு. ஆறு, ஏழு, எட்டு. ஒன்றும் கிடைக்கவில்லை. பூ முடிந்துவிட்டது, நன்றாகவே வந்தது, இதழ் ஒன்றும் சுருளவில்லை, தூரத்தில் இருந்து பார்த்தாலும் ரஞ்சிதம் கைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பியூலா என்று சீட்டில் எழுதி ஊக்கில் குத்தினேன்.